சந்தனத்துக்குக் கீழே ஒரு கோடு

மகள் கேட்டது இன்னொரு சைக்கிள். நான் வாங்கிக் கொடுத்தது இரண்டு சக்கரங்கள்.

அவள் சாலைப் போட்டிகளில் சைக்கிள் ஓட்டியவள். தினமும் விடியும்போது உத்தமபாளையத்திலிருந்து கிளம்பி லோயர்கேம்ப் வரை போய்த் திரும்புவாள். சில நாள் ஓடைப்பட்டிப் பக்கம், குழியும் கல்லுமான ரோட்டில் போவாள். போட்டிக்கும் அதே சைக்கிள்தான். "பிராக்டிஸுக்குப் பழசா ஒரு சைக்கிள் இருந்தாப் போதும்பா. இதப் போட்டிக்கு மட்டும் வச்சுக்கிருவேன்" என்றாள்.

அன்று என் அண்ணன் திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். "ஏன்த்தா, ஒரு ஆளு எத்தன சைக்கிள மிதிப்ப? காலுக்கு ஒண்ணா?" என்று சிரித்தார்.

"நீங்க மட்டும் தோட்டத்துக்கு ஒரு செருப்பு, கல்யாணத்துக்கு ஒரு செருப்பு வச்சிருக்கீகல்ல பெரியப்பா?"

"காலவிட வாயி நல்லா மிதிக்குதுடா ஒம் மகளுக்கு" என்றார் என்னிடம்.

எல்லோரும் சிரித்தோம். எனக்கு உள்ளே சுருக்கென்றது. பெண்பிள்ளை அரைக்கால் சட்டையில் ரோட்டில் போவதையே ஊர் பேசிக்கொண்டிருந்தது. வாசலில் இரண்டு சைக்கிள் நின்றால் இன்னும் என்ன சொல்வார்களோ என்றுதான் புத்தி போனது.

அதை அவளிடம் சொல்லவில்லை. கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன். அந்த இயற்பியலை வைத்தே மறைத்தேன். மற்ற எடையைவிடச் சுழலும் எடைதான் காலை இழுக்கும் என்றேன். லேசான சக்கரம் ஒரு ஜோடி வாங்கிப் போட்டிக்கு மட்டும் மாட்டுவோம், பயிற்சிக்குப் பழைய சக்கரம் போதும் என்றேன். நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். அவள் அந்தப் படத்தை நம்பினாள். "சரிப்பா" என்றாள்.

சக்கரங்கள் மாறின. பயிற்சியில் குழிகளில் அடி வாங்கிய ஃப்ரேம் மாறவில்லை.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைத்து, ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் பட்டையாக அப்பிக் குங்குமம் வைத்தேன். எங்கள் வீட்டில் வண்டிக்கு வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை. தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவோம். அவளும் அந்த இடத்தைத் தொடாமல்தான் சைக்கிளைத் துடைத்து வந்தாள். கொஞ்ச நாளில், "முன்னாடி கிர்ருனு ஒரு சத்தம் வருதுப்பா" என்றாள். எண்ணெய் விட்டேன்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டிக்கு முதல் நாள், புதுச் சக்கரங்களை மாட்டிவிட்டு நானே சைக்கிளைக் கழுவினேன். காய்ந்த சந்தனம் பெயர்ந்து விழுந்தது. கீழே மயிரிழை மாதிரி ஒரு கோடு. பெயிண்ட் கீறலாக இருக்கும் என்று நகத்தால் உரசினேன். நகம் சிக்கியது.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைந்தால் உலோகம் விரிசல் விட்டுவிடும். வருடா வருடம் வகுப்பில் கம்பியை வளைத்து ஒடித்துக் காட்டியவன் நான். தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. வீட்டில் வேறு சைக்கிள் இல்லை. அவளைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் போட்டி போயிருக்கும். வேறு சைக்கிள் ஏன் இல்லை என்ற கேள்வி என்னிடம் வந்திருக்கும். ஒரு நாள் தாங்கும் என்று நினைத்தேன். சந்தனம் குழைத்து, அந்தக் கோட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்தேன். அவள் பார்த்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஓர் இறக்கத்தில் ஃப்ரேம் அந்த இடத்திலேயே ஒடிந்தது. அவளுடைய இடுப்பும் வலது முட்டியும் நொறுங்கின. மூன்று ஆபரேஷனுக்குப் பிறகும் முட்டி மடங்கவில்லை. இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். பின் சக்கரத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

பார்க்க வருகிறவர்களிடம் அவள் சொல்வது ஒன்றுதான்: "அன்னைக்கு அப்பா பொட்டு வச்சாக. அதான் உசுராவது மிஞ்சுச்சு." அண்ணன் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நான் காபி கொண்டுவர உள்ளே போய்விடுவேன்.

பலமுறை சொல்ல வாயெடுத்திருக்கிறேன். கால்தான் போய்விட்டது, அப்பன்மேல் உள்ள நம்பிக்கையாவது இருக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அதுவும் அன்று நோட்டில் போட்ட படம் மாதிரிதான்.

போன ஆயுத பூஜைக்கு என் புத்தகங்கள், அரிவாள்மனை, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு எழுந்தேன். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள் ஊன்றுகோலை என் பக்கம் நீட்டினாள். "இதுக்கும் வைங்கப்பா."

வாங்கி, மேலிருந்து கீழ்வரை நகத்தால் தடவிப் பார்த்தேன்.

"என்னப்பா தேடுறீக?"

ஒன்றுமில்லை என்று சொல்லிப் பொட்டு வைத்தேன்.