ராத்தோமிரின் கெட்டிக் கார்

வால்யேவோ ஊரில் நல்ல தூக்கம் வேண்டுகிறவர்கள் ராத்தோமிரின் மெத்தைக் கடைக்குத்தான் போவார்கள். கட்டைவிரலால் மெத்தையை அமுக்கிப் பார்த்து, "இது உங்க முதுகுக்கு ஆகாதும்மா, இன்னும் கொஞ்சம் இளகினதாப் பாருங்க" என்று அவர் சொல்லும் பரிவில், பாதிப் பேருக்குக் கடையிலேயே கொட்டாவி வந்துவிடும். அதே மனிதர் கடையைப் பூட்டிவிட்டுத் தன் காரில் ஏறினால் வேறு ஆள். இளக்கம் என்ற பேச்சே அங்கே எடுபடாது.

அது ஒரு பழைய ஜெர்மன் கார். இரண்டே கதவு, ஆறு சிலிண்டர், கிளப்பினால் தெருக்கோடி நாய்கள்கூட எழுந்து நிற்கும். நாற்பது வயதைத் தாண்டியபின், மனைவி ஒலிவேராவின் முணுமுணுப்புக்கு நடுவே வாங்கியது. ஊருக்கு மேற்கே உள்ள மலைச் சாலையில் வருடா வருடம் நடக்கும் ஏற்றப் பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் திருப்பங்களில் கார் படகு மாதிரி சாய்ந்தது. சாய்வது அவமானம் என்று ராத்தோமிர் முடிவு செய்தார்.

மெக்கானிக் கோஸ்தாவிடம் காரைக் கொண்டுபோய் விட்டார். கோஸ்தா பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிக் குட்டையான, முரட்டு ஸ்பிரிங்குகளைப் போட்டான். ரப்பர் புஷ்கள் போய்க் கல் போன்ற புஷ்கள் வந்தன. புது ஷாக் அப்சார்பர்கள் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திருகு இருந்தது. இடப்பக்கம் திருப்பினால் இளகும், வலப்பக்கம் திருப்பினால் இறுகும்.

"எந்த அளவுக்கு இறுக்கட்டும்ணே?"

"எந்த அளவுக்குப் போகும்?"

"அது போகும். ஆனா நம்ம ரோடு இருக்கிற லட்சணத்துக்கு..."

"ரோட்டப் பத்தி நீ கவலைப்படாத. திருகு."

கோஸ்தா திருகினான். வாடிக்கையாளரோடு வாதாடி எந்த ஒர்க்‌ஷாப் உருப்பட்டிருக்கிறது?

அன்றிலிருந்து அந்தக் காருக்கு ஊரில் தெரியாத குழியே இல்லை. வேகத்தடை வந்தால் ராத்தோமிர் வண்டியைக் கோணலாகத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். பின்னால் ஹாரன்கள் அலறும். சந்தையிலிருந்து ஒருமுறை கூடவந்த ஒலிவேரா, மடியில் இருந்த முட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"ராத்தோ, நான் பேச வாயத் தொறக்குறதுக்குள்ள என் பல்லு பேசிடுது."

"ரோட்ட உணரணும் ஒலிவேரா. இந்தக் கார் ரோட்டோட பேசுது."

"பேசலப்பா, சண்டை போடுது."

மலைச் சாலையிலும் கதை சுகமில்லை. ஒட்டுப்போட்ட தாரில் கார் தவளை மாதிரி தத்தியது. திருப்பத்தின் நடுவே ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்ப, மொத்த வண்டியும் பள்ளத்தை நோக்கி நழுவும். ராத்தோமிர் முதலில் டயரைக் குறை சொன்னார். அப்புறம் நகராட்சியை. மாலையில் காபிக் கடையில் மட்டும், "கெட்டியா இருந்தாத்தான் கார், மத்ததெல்லாம் சோபா" என்று பிரசங்கம் செய்வார்.

இதையெல்லாம் அதிகம் கிண்டல் செய்தவர் அவருடைய மாமனார் ஷிவாதின். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். "சரக்கு வண்டில கன்னுக்குட்டி இதவிட சொகுசாப் போச்சு மாப்ளே" என்று சொல்லி, காரில் ஏற மறுத்துவிட்டார்.

ஆனால் ராத்தோமிர் வீட்டின் குலப் புனிதர் விருந்தன்று ஏற வேண்டி வந்தது. சூப் முடிந்து வறுத்த பன்றி வந்த நேரத்தில் ஷிவாதின் விலாவைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தார். சிறுநீரகக் கல். ஆம்புலன்ஸ் ஏதோ கிராமத்துக்குப் போயிருந்தது. விருந்தாளிகள் அத்தனை பேரும் ராக்கியா என்ற பழச் சாராயத்தில் மிதந்தார்கள். மாலையில் மலைக்குப் போகும் எண்ணத்தில் குடிக்காமல் இருந்தவர் ராத்தோமிர் ஒருவர்தான்.

பெரிய பாலத்தில் பழுதுவேலை. ஆகவே பழைய கடைத்தெரு தெஷ்னியார் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே தாரே கிடையாது, முழுக்க உருளைக்கல்.

"மாப்ளே... ஐயோ... ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சாகலாம்னு பாத்தேன்... நீ இங்கயே..."

"பல்லக் கடிச்சுக்கங்க மாமா!"

"அது தானாக் கடிக்குதுடா!"

தெரு முடியும் இடத்தில் ஷிவாதின், "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினார். கதவைத் திறந்து ஒரு மரத்துக்குப் பின்னால் ஓடினார். திரும்பி வந்தபோது, பத்து வயது குறைந்தவர் போல நிமிர்ந்து நடந்து வந்தார்.

"போயிடுச்சு."

மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது எப்படியும் இறங்கியிருக்கும் ஐயா. இறங்குற நேரத்துல நீங்க கார்ல இருந்தீங்க, அவ்வளவுதான்."

"நீங்க இன்னும் அந்தக் கார்ல ஏறலியே டாக்டரம்மா" என்றார் ஷிவாதின் பக்தியோடு.

அதன்பின் ராத்தோமிரின் நிம்மதி போயிற்று. கடைக்கு வருகிறவர்கள் மெத்தையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்துத் தெரு மிலெந்தியே சிறுநீரகக் கல்லோடு வந்தான். ஒருவர் பித்தப்பைக் கல்லோடு வந்தார். ஒரு மாமியார், பிரசவ நாள் தாண்டிப்போன நிறைமாத மருமகளையே அழைத்து வந்துவிட்டாள். ராத்தோமிர் பதறிப்போய் அந்தப் பெண்ணை மெத்தையில் உட்காரவைத்து, டாக்சி பிடித்துக் கொடுத்தார்.

"இது திருப்பத்துல ஓட்டுறதுக்காகப் பண்ணின வண்டிங்க!" என்று கத்திப் பார்த்தார்.

"திருப்பமெல்லாம் வேணாம் தம்பி" என்றார் பித்தப்பைக்காரர். "நேரா, கல்லு ரோட்டுல ஒரு ரவுண்டு போதும்."

மறுத்துப் பார்த்தும் பயனில்லை. வாசலில் வீட்டு ராக்கியா புட்டிகளும் பன்றிக்கொழுப்பு வறுவல் பொட்டலங்களும் குவிந்தன. ஷிவாதின் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழைய டிக்கெட் பரிசோதகர் குரலில், "அடுத்தது யாரு?" என்று கூப்பிட்டார்.

பந்தயக்காரன் ஆக ஆசைப்பட்டு நாட்டு வைத்தியன் ஆகிவிட்டோமே என்று ராத்தோமிர் நொந்துபோனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் பார்க்காதபோது, நான்கு திருகுகளையும் இடப்பக்கமாகக் கணிசமாகத் திருப்பினார். காரின் பேர் கெட்டுப்போக வேண்டும், அவ்வளவே எண்ணம். மிலெந்தியேவை ஏற்றிக்கொண்டு தெஷ்னியாரில் ஒரு சுற்று வந்தார்.

"என்னய்யா இது, தாலாட்டுற மாதிரி இருக்கு!" மிலெந்தியே கொதித்தான். "வேண்டியவங்களுக்கு ஒரு மாதிரி ஓட்டுவ, எனக்கு ஒரு மாதிரியா?"

அவன் ஊரெல்லாம் திட்டித் தீர்த்தான். கூட்டம் கரைந்தது. விடுதலை பெற்ற ராத்தோமிர் தனியாக மலையேறினார்.

முதல் திருப்பத்திலேயே என்னவோ வித்தியாசம் தெரிந்தது. கார் தத்தவில்லை. ஒட்டுப்போட்ட இடத்தில் சக்கரம் இறங்கி, ஏறி, தாரை விடாமல் பிடித்துக்கொண்டு போயிற்று. நம்பாமல் திரும்பி வந்து மறுபடி ஏறினார். மறுபடியும் அதே. சாலையோரம் நிறுத்தி, ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு வருடமாகக் காபிக் கடையில் செய்த பிரசங்கம் நினைவுக்கு வந்தது. இளகினால்தான் ஓடும் என்று இப்போது போய்ச் சொன்னால், அந்தக் கூட்டம் அவரைச் சாகும்வரை விடாது.

யாரிடமும் சொல்லவில்லை. பந்தயத்தில் நடுவில் ஏதோ ஓரிடம் கிடைத்தது. கடைசியாக வருவார் என்று பந்தயம் கட்டியவர்கள் முனகிக்கொண்டே பணத்தை எடுத்துவைத்தார்கள். "எல்லாம் கெட்டி ஸ்பிரிங்கோட மகிமை" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

பார்க்க வந்திருந்த மாமனாரை அதே காரில் திரும்பக் கூட்டிவந்தார். மலையிறங்கும்போதே ஷிவாதின் ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து, வாய் பிளந்து தூங்கிவிட்டார். கடையில் ஒரு மெத்தையில்கூட யாரும் அப்படித் தூங்கி ராத்தோமிர் பார்த்ததில்லை. ஊர் எல்லை வந்ததும் அவர் தோளை உலுக்கினார்.

"மாமா, எழுந்திருங்க. காபிக் கடை வரப்போகுது. கொஞ்சம் இடுப்பப் பிடிச்சுக்கங்க."

ஷிவாதின் கண்ணைக் கசக்கிக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். குலுக்கமில்லாமல் நழுவிப்போகும் சாலையைப் பார்த்தார். மெல்ல மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் இடுப்பைப் பற்றிக்கொண்டு, காபிக் கடையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பும்படி, "ஐயோ, எலும்பெல்லாம் போச்சே!" என்று ஒரு சத்தம் போட்டார்.