கல்லீரலைப் பிடித்து இழு

என் அண்ணனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. இருபது வருடமாக அடுக்குமாடிகளின் உச்சியிலும் பள்ளத்திலும் கிரீஸ் கையோடு கிடக்கிறான். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘கல்லீரல்’. எந்த நெம்புகோலைக் கண்டாலும் "அந்தக் கல்லீரலப் புடிச்சு இழுப்பா" என்றுதான் சொல்வான். ஏன் என்று கேட்டால் சிரிப்பதோடு சரி. கல்லுளிமங்கன்! காரணம் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு எட்டு வயது, அவனுக்குப் பதிமூன்று. அலுவலகத்தில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குள் ஒரு சிடி இருந்தது. சுடுவது, ஓடுவது எதுவும் இல்லாத விளையாட்டு. படம் வரும், மவுஸால் அங்கங்கே தட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பழைய விடுதி. தங்கியிருப்பவர்கள் எல்லோருக்கும் மீன் தலை. சுவர்க் கடிகாரம் இறங்கி நடந்துபோகும். நடைவழியில் முழங்கால் வரைக்கும் தண்ணீர், ஒருவர் துணியும் நனையாது. இப்படி யோசித்த மகராசன் யாரோ!

எழுத்தெல்லாம் ஆங்கிலம். எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னது அண்ணன். லிஃப்டை ஓட்ட ‘லீவரை இழு’ என்று வந்ததை அவன் ‘லிவர்’ என்று படித்தான். பள்ளியில் அந்த வாரம்தான் உடல் உறுப்புப் பாடம் நடந்திருந்தது. "மெஷினோட கல்லீரலப் புடிச்சு இழுக்கணுமாம் பாப்பா!" என்றான். கடிகாரம் நடக்கிற இடத்தில் மெஷினுக்குக் கல்லீரல் இருந்தால் என்ன? இழுத்தோம், லிஃப்ட் ஓடியது.

ஓடியதும் பெட்டியோடு நின்ற ஒரு மீன் தலை அம்மாள் உள்ளே ஏறி, திரும்பிப் பார்த்து ஒரு வரி சொன்னாள். எங்கள் அம்மா அப்போது ஒரு மாதமாக மருத்துவமனையில் இருந்தாள்.

"என்னண்ணா சொல்றா?"

அண்ணன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். "கதவத் தொறந்து வை, இதோ வந்துடுறேன்னு சொல்றா."

அன்று மாலை முழுக்க அவளைத் திரும்பத் திரும்ப லிஃப்டில் ஏற்றினேன். மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து அப்பா மட்டும் வந்தார். அடுத்த வருடம் கம்ப்யூட்டரும் கண்ணை மூடியது. அந்த வரியை மட்டும் நான் விடவில்லை. பிரசவ அறைக்குப் போனபோதும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனேன். இன்றும் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் அதைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் அந்த விளையாட்டைப் புதிதாகச் செய்து, தமிழ் எழுத்தும் போட்டு வெளியிட்டார்கள். என் மகள் வாங்கிவிட்டாள். சொன்னதும் அண்ணன் குதிப்பான் என்று பார்த்தால், முகம் சுண்டிப்போனது.

"மனசுல இருக்கறதே போதும் பாப்பா. இதெல்லாம் எதுக்கு?"

அவன் பிடித்த முயலுக்கு மூன்று கால். நானும் அவன் தங்கைதானே! ஞாயிற்றுக்கிழமை மதியம் பிடித்து உட்காரவைத்துவிட்டேன்.

புதியதில் தண்ணீர் அசல் தண்ணீர் மாதிரியே இருந்தது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. பழையதில் அது வெறும் நீலப் புள்ளிகள், நாம்தான் தண்ணீராக்கிக்கொள்ள வேண்டும். அப்போது ஒரு கதவு திறப்பதற்குள் சிடி கரகரவென்று சுற்றும், உள்ளே என்ன இருக்கும் என்று நாங்கள் ஒரு சண்டையே போட்டு முடித்திருப்போம். இப்போது தொட்டால் திறக்கிறது. திணறினால் வழி சொல்ல ஒரு பொத்தான் வேறு. "சோம்பேறிங்களுக்குச் செஞ்சிருக்கானுங்க" என்று திட்டினேன். மீன்களின் கண்கள் மட்டும் புதியதில் அழகு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

‘நெம்புகோலை இழு’ என்று தமிழில் வந்தது. "மாமா, கல்லீரலக் காணோமே!" என்று மகள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. லிஃப்ட் ஓடியது. அந்த அம்மாள் ஏறினாள், திரும்பிப் பார்த்தாள். கீழே எழுத்து வந்தது.

‘காத்திருக்காதே. நான் திரும்பி வரமாட்டேன்.’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடப்பாவி! இதையும் தப்பாவா படிச்ச? உன் இங்கிலீஷ நம்பி இருபத்தெட்டு வருசமா..."

"இதத் தப்பாப் படிக்கல பாப்பா."

என் மகள் சத்தமில்லாமல் எழுந்து உள்ளே போனாள்.

"அன்னைக்குக் காலைலதான் அப்பா எங்கிட்டச் சொன்னாரு, அம்மா இனிமே வரமாட்டான்னு. உங்கிட்டச் சொல்லாதேன்னாரு. சாயங்காலம் இவ இப்படிச் சொல்றா. நீ என் வாயையே பாத்துக்கிட்டு இருக்க. நான் என்ன பண்ணுவேன்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். "தினம் அதச் சொல்லிட்டுத்தானே வெளிய போறேன்! ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றான். "நீதான் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்துடுறியே."

அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை, நன்றாகவே அழுதேன். அவன் கிரீஸ் மணக்கிற கைக்குட்டையை நீட்டினான்.

புதிய விளையாட்டில் ஒரு வசதி உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய படமே வரும். அழுத்தினேன். புள்ளி புள்ளியாக, பெட்டியோடு அவள் நின்றாள். தமிழ் போய் ஆங்கிலம் வந்தது. இப்போது எனக்கு அதைப் படிக்கத் தெரியும். படிக்கவில்லை.

"என்னண்ணா சொல்றா?"

அவன் திரைப் பக்கம் குனிந்தான்.

"கதவத் தொறந்து வைக்கச் சொல்றா பாப்பா. இதோ வந்துடுவாளாம்."