அம்சவல்லியின் ஒருநாள் கூலி

மிராசுதார் பட்டாபிராமன், பண்ணைக் கூலியாள் வீரையனுக்கு மூன்று ரூபாய் கடன்பட்டிருந்தார். வீரையன் பெண்டாட்டி அம்சவல்லியின் ஒருநாள் நடவுக்கூலி அது.

எழுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி. வலங்கைமானுக்குக் கிழக்கே இரண்டாம் போகமான தாளடி நடவு. நாற்பது பெண்கள் வரிசை பிடித்து நட்டுக்கொண்டிருந்த வயலில், வேலை முடிந்து கரையேற அரைமணி இருக்கும்போது ஒரே ஓர் இடி. முப்பத்தொன்பது பேர் எழுந்து ஓடினார்கள். அம்சவல்லி நாற்றுமுடியைப் பிடித்தபடியே சேற்றில் கிடந்தாள்.

அந்தப் பண்ணையில் நட்டவர்களை வரப்பில் நிறுத்தித் தலையை எண்ணித்தான் கூலி. ஓடியவர்களை மறுநாள் வரப்பில் நிறுத்திப் பண்ணைக் காரியக்காரர் எண்ணினார். முப்பத்தொன்பது.

வீரையன் போய்க் கேட்டதற்கு, "வரப்பேறாத ஆளுக்கு இன்னிக்குக் குடுத்தா, நாளைக்கு வேலைக்கே வராதவனுக்கும் கேட்டுக் கொடி நடுவேள். போடா," என்றார் பட்டாபிராமன். ஊருக்கு ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கக் கொடியும் போலீசும் நின்ற காலம். சங்கத்தார், நிவாரணம் கேட்டு மறியல் செய்யலாம் என்று வந்தார்கள்.

"தர்மக் காசு வேணாங்க. அவ நட்ட காசு வேணும்," என்றுவிட்டார் வீரையன்.

பள்ளிக்கூட வாத்தியார் பஞ்சநதம் ஆறுதலாய்த்தான் சொன்னார்: "இடி விழுந்து சாகுறதெல்லாம் பல லட்சத்துல ஒருத்தருக்கு வீரையா."

"மத்த லட்சம் பேரும் எங்கங்க நின்னாங்க? வயல்ல நாப்பது பேருதானே?"

வாத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் இடி இடித்தால் ஊரே வீட்டுக்குள் ஓடும். வீரையன் மட்டும் அந்த வரப்பில் போய் நிற்பார். "யோவ், இடிக்கு உன் விலாசம் ஒருதடவை தெரிஞ்சது போதாதா? உள்ள வாய்யா!" என்று டீக்கடை பக்கீர் முகம்மது கத்துவார். பதினொரு வருஷம் நின்றார். ஒரு பொறி விழவில்லை. நனைந்து வந்து, ஒற்றை ஆளுக்கு உலை வைத்துத் தின்றுவிட்டுப் படுப்பார்.

ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. கையெழுத்துப் போடத் தெரியாது, அவ்வளவுதான். வாய்க்கால் வெட்டி, ஆடு வளர்த்து, வைக்கோல் வாங்கி விற்றுக் காசு சேர்த்தார். அவர்போல் உழைத்தவன் அந்த வட்டாரத்தில் எவனுமில்லை. எண்பத்து நாலில் பட்டாபிராமன் எல்லாம் விற்றுவிட்டு மெட்ராஸ் கிளம்பியபோது, அந்த வயலை வாங்க வந்து நின்றவர் வீரையன்தான்.

பத்திர ஆபீஸில் ஒரு ரூபாய் குறையாமல் கட்டுக்கட்டாய் மேஜையில் வைத்தார். பிறகு வலது கையை நீட்டினார்.

"இன்னும் மூணு ரூபா நீங்க தரணுங்க. அம்சவல்லி கூலி."

பட்டாபிராமன் மேஜையிலிருந்த ஒரு கட்டைத் தொட்டுக் காட்டினார். "இதை விலையிலயே கழிச்சுண்டிருக்கலாமே, வீரையா?"

"கூலியக் கழிக்கக் கூடாதுங்க. கையில எண்ணிப் போடணும். முப்பத்தொம்பதோட நிறுத்திட்டீங்க. நாப்பதாவது ஆளு அவ."

பட்டாபிராமன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஜிப்பாப் பையைத் துழாவி ஒற்றை ரூபாய் நோட்டுகளை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணி, விரிந்திருந்த அந்த உள்ளங்கையில் வைத்தார்.