மருந்தே அடிக்காத தோட்டம்

முதலமடை மாங்காய் மண்டியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. விவசாயிகளின் விவரங்கள் எக்ஸ்எம்எல் என்ற வகைக் கணினிக் கோப்பில் இருக்கும். தடை செய்த மருந்தை அடித்தவர்களை நீக்கி ஏற்றுமதிப் பட்டியல் எடுக்கச் சொன்னார்கள். "மருந்தின் பெயர் தடை செய்த பெயருக்குச் சமமில்லாதவர்கள்" என்று விதி எழுதினேன். அசதியில் சரிபார்க்கவில்லை.

மறுநாள் மாந்தோட்டக்கார ருக்குமணியக்கா வந்தார். லாரியில் அவருடைய காயை ஏற்றவில்லை.

"ஏனுங்க தம்பி, நான் மருந்தே அடிக்கலீங்களே. அடிச்சிருந்தாத்தான் சேத்துவீங்களாட்ட இருக்குது!"

அடிக்காததால் அவர் பதிவில் மருந்துப் பெயரே இல்லை. ஒப்பிடப் பெயர் இல்லாதவரையும் என் விதி தள்ளிவிட்டது. "அந்தப் பெயர் உள்ளவர்கள் தவிர மற்ற எல்லோரும்" என்று எழுதியிருக்க வேண்டும். திருத்துவதற்குள் லாரி எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டிவிட்டது.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிருச்சுங்கக்கா" என்றேன்.

"அதுக்கென்ன தெரியும், பாவம்" என்றார்.

எழுதியவன் நான்தான் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.