என் பேரில் ஒரு கப்பல்

என் பேரில் ஒரு கப்பல் இருக்கிறது. எங்கள் ஊரில் தங்கள் பேரில் நிலம் இருக்கிற பெண்கள் உண்டு. தன் பேரில் ரைஸ் மில் இருக்கிறவர்கூட ஒருவர் உண்டு. கப்பல் இருப்பவள் நான் ஒருத்திதான். உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையில் இறங்கி, "கப்பலூடு எது?" என்று கேட்டால் எல்லாரும் எங்கள் கொல்லையைக் காட்டுவார்கள்.

சரியாகச் சொன்னால் அது கப்பல் இல்லை, பாய்மரப் படகு. நான் பிறப்பதற்கு முன்பே ஸ்வீடனில் கட்டியது. முப்பது அடி நீளம், ஒன்பதரை அடி அகலம். உடம்பு ஃபைபர், தளம் தேக்கு, மேலே எழும்பியிருக்கும் அறை முழுக்க மஹோகனி. மொத்தம் ஐந்து டன். அதில் கிட்டத்தட்ட பாதி எடை அடியில் துடுப்புபோல இறங்கியிருக்கும் கீலுக்குள்தான். காற்று எவ்வளவு சாய்த்தாலும் படகை நிமிர்த்திவிடுகிற எடை அது. தண்ணீரில் விட்டால் நாலரை அடி ஆழத்துக்கு இறங்கி நிற்கும். அதனால்தான் ஏரியில் விட முடியாது. "ஏரில வுட்டா ஓடாதா?" என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. கோடையில் மாடு மேய்கிற ஏரி அது. எங்கே கொண்டுபோய் விடுவது?

இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வேறு வழியில்லாமல் தெரியும். என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் முக்கால்வாசி கடலில்தான். ஒரு தடவை லீவில் வந்தவர் புதுச்சேரிக்குப் போனார். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இந்தப் படகிலேயே வந்து, உடம்புக்கு முடியாமல் போய், கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு விமானம் ஏற நின்றார். இவர் வாங்கிவிட்டார். "நான் எப்ப எந்தக் கடல்ல இருப்பேன்னு எனக்கே தெரியாது, கையெழுத்துக்கு நீதானே இருப்ப" என்று சொல்லி என் பேரில் வாங்கினார். எங்கள் பக்கத்தில் ஆண்கள் மனை வாங்கினாலும் டிராக்டர் வாங்கினாலும் பெண்டாட்டி பேரில் வாங்குவதுதான் வழக்கம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பெரிய டிரெய்லரில் படகு ஊருக்குள் வந்தபோது ஆட்கள் மூங்கில் கழியால் கரண்டு கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே முன்னால் நடந்தார்கள். ஆரத்தி எடுத்தவள் நான்தான்.

ரிடையர் ஆனதும் நாங்கள் இரண்டு பேரும் அதில் உலகம் சுற்றப் போகிறோம் என்பது திட்டம். காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறினாலே பிளாஸ்டிக் கவரைத் தேடுகிறவள் நான். இதை அவருக்கு நினைவுபடுத்தினால் கப்பல் வேற, பஸ் வேற என்பார்.

படகு வந்த நாளிலிருந்து நான் நாலு நாள் சேர்ந்தாற்போல வீட்டை விட்டு நகர்ந்ததில்லை. வாரத்துக்கு ஒருமுறை எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பிடித்துக்கொள்ளும். அடியில் இருக்கும் வெண்கல வால்வுகளை மாதம் ஒருமுறை திறந்து மூட வேண்டும். தேக்குப் பலகை இடுக்கில் ஊற்றியிருக்கும் கறுப்புப் பசை எங்கே விட்டிருக்கிறது என்று பார்த்து அடைக்க வேண்டும். மஹோகனிக்கு நம் வெயில் ஆகாது. வார்னிஷ் சீக்கிரமே உரிந்துவிடும், சுரண்டி, தேய்த்து, திரும்பப் பூச வேண்டும். எல்லாவற்றையும் விடக் கறையான். படகை நிமிர்த்தி நிறுத்தியிருக்கும் முட்டுகள் சவுக்கு மரம். மண்ணிலிருந்து கறையான் அதில் ஏறினால் நேரே மஹோகனிக்குப் போய்விடும். காலையில் எழுந்ததும் வாசல் தெளிக்கும் முன் முட்டுகளின் காலில் பழைய எஞ்சின் ஆயில் ஊற்றிவிட்டு வருகிறேன். என் மகள் கல்யாணமாகிப் பெங்களூர் போனாள். அவள் பிரசவத்துக்குக்கூட நான் போய் முழுசாகத் தங்கவில்லை. மழைக்காலம், தார்ப்பாய் கிழிந்திருந்தது, ஓடி வந்துவிட்டேன்.

இந்த மழைக்காலத்தில் எனக்கு ஒரு வேலை வந்தது. ஏனாத்தூர் பக்கம் கல்லூரிப் பெண்கள் தங்கும் விடுதிக்கு வார்டன். அங்கேயே அறை, சாப்பாடு, ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வரலாம். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் பள்ளிக்கூட விடுதியில் வேலை பார்த்தவள் நான். அந்தப் பெண்களின் சத்தமும் சண்டையும் ஒரே பாத்ரூமுக்கு நிற்கும் வரிசையும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இந்த வீட்டில் காலையிலிருந்து பொழுது போகும்வரை நான் பேசுவது போனிலும் படகோடும்தான். ஒன்றாம் தேதி வந்து சேரச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே அவருக்கு போன் போட்டேன்.

"போலாம், இன்னா இப்போ. ஆனா கப்பலு?" என்றார்.

"யாரையாவது பாத்துக்கச் சொல்லலாங்க."

"யாரு? டிராக்டர் மெக்கானிக்கா? அவன் சுத்தியாலத் தவிர வேற இன்னா எடுப்பான்?"

"அப்போ வித்துடலாம்."

அங்கே எஞ்சின் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: "உன் பேர்லதானே கீது. உன் இஷ்டம்."

பெண்டாட்டிகளுக்குத் தெரியும், இந்த 'உன் இஷ்டம்' என்பது கதவைச் சாத்திவிட்டு, திறந்துதானே இருக்கிறது என்று சொல்வது. எத்தனையோ தடவை இந்த வார்த்தைக்கு நான் அடங்கிப் போயிருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே என் இஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். படம் பிடித்து, நீளம் அகலம் எல்லாம் எழுதி, இணையத்தில் விற்பனைக்குப் போட்டேன்.

சென்னையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் வேலை, முப்பத்தைந்து வயதிருக்கும். அடைமழைக்கு நடுவே ஒரு ஞாயிறு வந்தார். கூடவே மனைவி. அவர் இறங்கி ஓடிவந்து படகின் வயிற்றைத் தடவினார். அந்தப் பெண் காரிலேயே ஏசியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கீலில் வெடிப்பு இல்லை. மரத்தில் ஒரே ஒரு இடம் இற்றிருந்தது, மாற்றியாச்சு. பாய்மரத்தண்டு அலுமினியம், மதில் ஓரமாகப் படுத்திருக்கிறது, அதில் சுற்றியிருப்பது பீர்க்கங்கொடி, பயப்பட வேண்டாம். அவர் முகம் பூரித்துப்போனது.

"மேடம், பேப்பர்ஸ் எல்லாம் என் வொய்ஃப் பேர்ல மாத்திடலாம். நான் அடிக்கடி ஆன்சைட் போயிடுவேன். அவங்க இப்ப வொர்க் ஃப்ரம் ஹோம்தான், பாத்துப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஒன்றாம் தேதி பக்கத்தில் வந்துவிட்டது.

அவர் காருக்குப் போய் மனைவியைக் கூட்டிவந்தார். அவள் ஏணியில் பயந்து பயந்து ஏறினாள், நான் பின்னால் ஏறி உள்ளே அழைத்துப் போனேன். அவர் கீழேயே நின்று, பக்கத்து நிலத்துக்காரரிடம் டிரெய்லர் வர வழி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மழை சாய்த்துக்கொண்டு அடித்தது.

அறையின் வாசல் எப்படி என்றால், கீழே மூன்று பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காடிப் பள்ளத்தில் இறங்கிக் கதவாக நிற்கும். அதற்கு மேல் ஒரு மஹோகனி மூடி முன்னும் பின்னும் சறுக்கும். மூடி முழுசாகச் சாத்திவிட்டால் பலகையைத் தூக்க முடியாது. மழைக்காலத்தில் அந்த மூடி ஊறிப் பெருத்துவிடும் என்பதால் நான் எப்போதும் ஒரு விரல் இடைவெளி விட்டுத்தான் இழுப்பேன். சாரல் உள்ளே வராமல் பலகைகளைப் போட்டேன். மூடியை விரல் அளவு விட்டேன். தலையில் சொட்டுகிறது என்று அந்தப் பெண் எழுந்து, ஒரே இழுப்பில் முழுசாகச் சாத்திவிட்டாள்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் இழுத்தோம், அசையவில்லை. முன்பக்கம் இன்னொரு மூடி உண்டு. ஒழுகுகிறது என்று என் வீட்டுக்காரர் சொல்லி, நானே அதைப் பசை போட்டு அடைத்து வருஷம் இரண்டாகிறது. வட்டக் கண்ணாடி ஜன்னல் வழியாகத் தலைகூடப் போகாது. ஈரமும் வார்னிஷும் டீசலும் கலந்த அந்தக் காற்றில் அந்தப் பெண்ணுக்கு மூச்சு வேகமாகிவிட்டது. கதவைப் படபடவென்று தட்டினாள்.

வெளியே நிலத்துக்காரர் குரல் கேட்டது. "இன்னாம்மா, உள்ள மாட்டிக்கினீங்களா? இருங்க, கடப்பாறை எடுத்தாறேன், ஒரு நெம்பு நெம்புனா வந்துடும்."

"ஐயோ, கடப்பாறை வேணாம் சார்!" என்று அவள் கணவர் கத்தினார். பிறகு மனைவியிடம், "ஏய், அப்படித் தட்டாதேம்மா! வளையல் பட்டு வார்னிஷ் போயிடும்!"

அவள் கை நின்றுவிட்டது. படுக்கையில் மெல்ல உட்கார்ந்தாள். வெளியே அவர்கள் கடப்பாறையைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். அடக்கி வைத்திருந்தது தானாக வந்துவிட்டது.

"உங்க பேர்ல வாங்கப் போறதாச் சொன்னாரும்மா. இதுவும் என் பேர்லதான் வாங்கினாங்க. வாரா வாரம் எஞ்சின் சுத்தணும். வார்னிஷ் அடிக்கணும். எங்கயும் போக முடியாது. என் பொண்ணு பிரசவத்துக்குக்கூட நான் ஒழுங்காப் போகல."

என் வேலை என் வாயாலேயே போகிறது என்று தெரிந்துதான் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, கிண்டலுமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்ப நீங்க ஏன் ஆன்ட்டி இன்னும் பாத்துக்கிட்டிருக்கீங்க?"

என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார் என்று சொல்லலாம் என்றால், அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. என்னை யாரும் கட்டிப்போடவில்லை. கைப்பிடியைச் சுற்றியதும் ஆயில் ஊற்றியதும் இந்தக் கைதான். எனக்கு அழுகை வந்தது. அவள் பார்க்கக் கூடாது என்று எழுந்து, மேசைக்குக் கீழே இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

மூடி ஓடுவதற்கு இரண்டு பக்கமும் பித்தளைப் பட்டை உண்டு. பக்கத்துக்கு நாலாக எட்டுத் திருகாணிகள், உள்ளிருந்து போட்டவை. போன வருஷம் நானே மாற்றியவை. அவள் செல்போன் வெளிச்சம் காட்டினாள். ஒவ்வொன்றாகக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தேன். பட்டைகள் கழன்றதும் மூடி தளர்ந்தது, இரண்டு பேரும் தோளால் முட்டித் தூக்கி ஒருபக்கம் தள்ளினோம். மழை நேராக முகத்தில் விழுந்தது. நான் அந்தப் படகுக்குள் அப்படி ஒரு காற்றை வாங்கியதே இல்லை.

கணவர் ஏணியேறி வந்து முதலில் மூடியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் மனைவியைப் பார்த்தார். அவள் திருகாணிகளை என் கையில் கொட்டிவிட்டு, "என் பேர்ல எதுவும் வேணாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்தாள். அவர் என்னிடம் போனில் பேசுகிறேன் என்றார். பேசவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"இன்னா, வந்தாங்களா?"

"வந்தாங்க. வாங்கல."

"சரி வுடு." குரலில் சந்தோஷத்தை மறைக்கக்கூட இல்லை. "மழை பெய்துன்னு சொன்னாங்களே. எஞ்சின் சுத்தினியா?"

"சுத்தல. ஒண்ணாந்தேதி நான் ஏனாத்தூர் போறேங்க."

"போய்ட்டா? கப்பல இன்னா பண்ணுவ?"

"என் பேர்லதானே கீது. என் இஷ்டம்."

அங்கே எஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது. இந்தத் தடவை நான் சமாதானப்படுத்தப் போகவில்லை.

"மேல்மூடியையாவது ஒழுங்காப் போட்டுட்டுப் போ" என்றார் கடைசியில்.

"மூடி கழண்டு கெடக்குது. ஸ்க்ரூ எட்டும் சமையக்கட்டு ஜன்னல்ல வச்சிருக்கேன். வந்து போட்டுக்குங்க."