தெளிந்த வட்டத்துக்குள் சில புள்ளிகள்

“மீன் கழுவுத கைதான ஏளா? நீ தொட்ட தட்டுல கண்ட கிருமியும் முளைக்கத்தான் செய்யும்.”

1948 கோடையில், தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த கிருமிப் பரிசோதனைக்கூடத்தில் மூத்த உதவியாளர் என்னிடம் சொன்னது இது. நான் சங்கு குளிப்பவரின் மகள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அங்கே வேலை பழகச் சேர்ந்திருந்தேன்.

அப்போது எங்கள் தெருவில் காலரா. கிணற்றில் போட்ட பிளீச்சிங் பவுடரின் நாற்றம் பிடிக்காமல் பெண்கள் பவுடர் போடாத ஊருணித் தண்ணீருக்குப் போனார்கள். அதனால் பவுடரை நிறுத்திவிட்டு, பேஜ் மருந்தை ஊற்றலாம் என்று எங்கள் பரிசோதனைக்கூட டாக்டர் நினைத்தார். காலராக் கிருமியைக் கொல்லும் வைரஸ் அது. வாடையே கிடையாது. தெருவுக்கே சந்தோஷம்.

சோதித்துப் பார்க்க, கடற்பாசிக் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் காலராக் கிருமியைப் பரப்பி, நடுவில் ஒரு சொட்டு பேஜ் விட்டேன். கிருமி வெள்ளைப் படலமாக வளர்ந்தது. சொட்டு விழுந்த இடம் மட்டும் துடைத்ததுபோலத் தெளிந்திருந்தது. மறுநாள் பார்த்தால், அந்தத் தெளிவுக்குள் கடுகைவிடச் சின்னதாகச் சில புள்ளிகள். அதற்குத்தான் அந்தப் பேச்சு.

புள்ளியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். வளைந்த அதே காலராக் கிருமி. அதைப் புதுத் தட்டில் வளர்த்து மறுபடி பேஜ் விட்டேன். தட்டு தெளியவே இல்லை.

“இந்தத் தடவை நீங்களே போடுங்க அண்ணாச்சி” என்றேன் உதவியாளரிடம்.

அவர் கையை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத்தான் தொட்டார். அவர் தட்டிலும் புள்ளிகள். தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நான் சைவம்லா ஏளா” என்றார்.

டாக்டர் இரண்டு தட்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கூட்டத்தில் சில கிருமிகள் வைரஸை எதிர்த்து நிற்கின்றன, மற்றவை செத்த இடத்தில் அவை பெருகுகின்றன என்றார். அதனால் பேஜ் யோசனையைக் கைவிட்டார்; கிணற்றுக்குப் பவுடரே தொடர்ந்தது.

“படிக்கப் போட்டது எங்க கிணத்த நாறடிக்கவா ஏளா?” என்று அப்பா தெருவில் வைத்தே கேட்டார். நான் ஒரு வாளி இறைத்து, அவர் முன்னாலேயே குடித்தேன். மூக்கைச் சுளித்துக்கொண்டே அவரும் கையை ஏந்தினார்.

வைரஸ் வரும்போது அந்தக் கிருமி எந்தக் கதவைச் சாத்துகிறது, எப்படி? கேட்டதற்கு, டாக்டர் தனக்கும் தெரியாது என்றார். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மேல்படிப்புக்குச் சென்னை போகும் ரயிலில் உட்கார்ந்து, மீன் கழுவிய அதே கையால்தான் இதை எழுதுகிறேன்.