சபாபதி சாருக்காகத் தேடிய மேற்கோள்

யாருடைய கட்டுரையை யார் எடுத்துச் சொன்னார்கள் என்று எண்ணுவதுதான் எங்கள் தொழில். பொடி எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தவர்களே, நீங்களெல்லாம் எனக்குச் சொந்தம். பி.யு.சி. எழுதிவிட்டுச் சும்மா திரிந்த என்னைக் காஞ்சிபுரம் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பிடித்து உட்கார வைத்தார். இந்திய விஞ்ஞானிகள் எவ்வளவு எழுதினார்கள், அதில் எதையெல்லாம் உலகம் மேற்கோள் காட்டியது என்று கணக்கெடுக்க வேண்டும். மெட்ராசிலிருந்து அமெரிக்க அட்டவணைப் புத்தகங்கள் வந்திறங்கின. செங்கல் கனம், எறும்பு எழுத்து. கட்டுரை எழுதியவர் பெயரின் முதல் ஆங்கில எழுத்துப்படி ஒவ்வொரு புத்தகம்: எனக்கு 'ஏ' புத்தகம், ஐயம்பேட்டை முனுசாமிக்கு 'எஸ்'.

பேராசிரியர் குரல்

மத்தியானமானால் முனுசாமி 'எஸ்' மேலேயே தலை சாய்த்துவிடுவான். நான் கதவுக்குப் பின்னால் நின்று, பேராசிரியர் மாதிரியே தொண்டையைச் செருமி, "முனுசாமி! நாட்டோட விஞ்ஞானம் உன் கன்னத்துக்கு அடியில நசுங்குதுப்பா!" என்பேன். அலறி எழுந்து "எஸ் சார்!" என்பான்.

ஒரு நாள் நிஜப் பேராசிரியரே வந்து கூப்பிட்டார். முனுசாமி கண்ணைத் திறக்காமல் சொன்னான்: "இன்னிக்கு சரியா வரலடா, தொண்டைய இன்னும் கொஞ்சம் கனமாக்கு."

சும்மா வந்தவர்

சபாபதி சார் வேதியியல் விரிவுரையாளர். பட்டு நூலில் சாயம் ஏன் வெளுக்கிறது என்று வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில், நான் டவுசர் போட்ட காலத்தில், ஒரே ஒரு கட்டுரை எழுதியவர். தினம் சாயங்காலம் வாசற்படியில் வந்து நிற்பார். வெயிலைப் பற்றிப் பேசுவார். கண் மட்டும் 'எஸ்' மேல். கடைசியில், "சும்மாதான் கேக்கறேன்பா… எவனாவது எடுத்துச் சொல்லிக்கீறானா?" என்பார். இருக்காது.

அதை அவர் குரலிலேயே முனுசாமிக்கு நடித்துக் காட்டிக்கினு இருந்தேன். திரும்பினால் பின்னால் அவர். கோபமே இல்லை. "அந்த 'எவனாவது'வ இன்னும் மெதுவா கேக்கணும்பா. ஏங்கறேன்னு தெரிஞ்சிடப் போவுது."

ஜப்பான் போனவர்

'ஏ' புத்தகத்தில் ஒரு வரி: ஆறுமுகம், எஸ். பத்திரிகையும் ஆண்டும் சார் கட்டுரையுடையவை. ஜப்பான்காரர் ஒருவர் மேற்கோள் காட்டியிருந்தார். சாரின் வகுப்பறைக்கே ஓடினேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இனிஷியல் போதாது, முழுப்பெயர் வேண்டும் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரை எழுதி அனுப்பியிருக்கிறார். கடைசியில் நிற்பதுதான் ஆள் பெயர் என்று அட்டவணைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அப்பா ஆறுமுகம் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவர். சார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க நைனா தறிக்குழிய விட்டு எழுந்து சாப்பிடவே வரமாட்டாருப்பா, ஜப்பான் வரைக்கும் போயிட்டாரே!"

மாற்றிக்கொள்ளலாமா

சிரித்து முடித்ததும் பேராசிரியரிடம் போனார். "சார், அதை சபாபதின்னு மாத்திக்கலாமா?" கேட்கும்போது குரல் நடுங்கியது. அந்தக் குரலை நான் இன்றுவரை யாருக்கும் நடித்துக் காட்டவில்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாட்டுக் கணக்குல ஒண்ணு ஏறிடுச்சு, சபாபதி. ஆள் கணக்கு அச்சுல இருக்கறபடிதான். உங்களுக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும்." சார் தலையாட்டிவிட்டுப் போனார்.

இனி வரமாட்டார் என்று நினைத்தோம். மறுநாள் சாயங்காலம் வந்தார். முனுசாமி பக்கம் திரும்பவே இல்லை, என் மேஜையைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்பா, நைனாவுக்கு இன்னொண்ணு வந்துச்சா?"

எங்கள் தொழிலில் நாடு சுலபமாகக் கணக்கில் ஏறிவிடும், ஆள்தான் படியிலேயே நிற்பார்.